'கட்' சொன்ன கேமராக்காரர்

ஜப்பான்காரன் காலத்தில், ரந்தாவ் ஊர்ப் பக்கத்து எங்கள் ரப்பர்த் தோட்டத்துக்கு ஒரு கேமராக்காரர் வந்தார். ஜப்பான் பட்டாளத்துக்குப் பிரச்சாரப் படம் எடுக்கும் தமிழர். ஒல்லியான உடம்பு, எதையும் ஒற்றைக் கண்ணைச் சுருக்கித்தான் பார்ப்பார். மரவள்ளிக்கிழங்கு தின்று வற்றிப்போன எங்களை வரிசையாக உட்காரவைத்து, தட்டு நிறையச் சோறு போட்டு, சிரித்தபடி சாப்பிடச் சொன்னார்கள்.

நாலு வாய் உள்ளே போவதற்குள், "கட்! சரியில்ல லா. தூரத்து ஷாட்டுல தட்டு நெறஞ்சு இருந்துச்சு. குளோசப்புலயும் அப்படியே இருக்கணும். சோத்தப் போடுங்க, இன்னொரு தடவ!" என்பார். காவல் நின்ற சிப்பாயிடமும் அவன் மொழியில் ஏதோ விளக்குவார். அவன் முறைத்துக்கொண்டே தலையாட்டுவான். மறுபடி சோறு, மறுபடி சிரிப்பு, மறுபடி 'கட்'. வெட்டவெளி வெயிலில் எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"யோவ், ஒனக்குத் தொழில் தெரியுமா தெரியாதா? சிரிச்சுச் சிரிச்சு வாய் வலிக்குதுய்யா!" என்று கத்தினேன்.

அவர் என் தட்டைச் சரிசெய்வதுபோல் குனிந்தார். "வாய் வலிக்கட்டும் லா. வயிறு எப்படி இருக்கு?" என்றார்.

எனக்கு ஏப்பம் வந்தது. அப்போதுதான் உறைத்தது: முதல் தடவை கிர்ரென்று ஓடிய கேமரா, அதன்பிறகு சத்தமே போடவில்லை.