தலைக்கவசத்துக்குள் எம்மெட் கோலாஸ்கி

2009 அக்டோபர் 24. தலைக்கவசம், பிளாஸ்டிக். 38 டாலர்.
2010 மார்ச் 6. தலைக்கவசம், கண்ணாடியிழை. 310 டாலர்.
2010 ஜூலை 17. மார்புக்கவசம், முதுகுத்தகடு. 265 டாலர்.
2011 ஜனவரி 29. துருநிறப் போர்வை, தையல் கூலி உட்பட. 90 டாலர்.
2011 மே 14. இடதுகை இரும்புறை. 145 டாலர்.
2016 அக்டோபர் 20. சாம்பல்நிற வேன் தூக்கிவந்த கூலி, வரவு. 325 டாலர்.

ஈரி நகரத்தில் எம்மெட் கோலாஸ்கிக்குத் தொழில், டியூ கட்டாதவர்களின் வண்டியைத் தூக்கிவருவது. வங்கி, அவருடைய முதலாளி ஹௌசரின் வண்டி யார்டுக்கு உத்தரவு அனுப்பும். ஹௌசர் வண்டி எண்ணையும் விலாசத்தையும் எம்மெட்டிடம் கொடுப்பார். எம்மெட் இழுவை வண்டியில் போய், கொக்கி மாட்டி, இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். இருபத்திரண்டு வருடத்தில் யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. எந்த வண்டியிலும் ஒரு கீறல் விழவிட்டதில்லை. ஆனால் வண்டி போனவனுக்குக் கீறல் விழாததைப் பற்றி என்ன அக்கறை?

ஊர் ஒன்றும் பெரியதில்லை. ஒரு நோன்புக்கால வெள்ளிக்கிழமை, மாதா கோயில் கூடத்தில் மீன் பொரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எம்மெட் தட்டோடு போய் ஒரு மேசையில் உட்கார்ந்தார். எதிரே இருந்த பெண் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பாதித் தட்டை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு போய்விட்டாள். அவள் காரைத் தூக்கியது எந்த மாதம் என்பதுகூட எம்மெட்டுக்கு நினைவிருந்தது. அதற்குப் பிறகு அவர் மீனைப் பொட்டலம் கட்டி வீட்டுக்கு வாங்கிப்போய்விடுவார்.

அக்டோபர் கடைசி நாளில் பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வருவார்கள். எம்மெட் வீட்டு வாசலுக்கு மட்டும் யாரையும் அனுப்பமாட்டார்கள். 2009ஆம் வருடம் கடையில் ஹாஸ்க் என்ற சினிமாப் பாத்திரத்தின் தலைக்கவசம் ஒன்று கண்ணில் பட்டது. அதை மாட்டிக்கொண்டு வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இருட்டுவதற்குள் மிட்டாய் தீர்ந்துபோயிற்று. சாலைக்கு எதிர்ப்புறம் நின்ற தகப்பன்மார்கள்கூடக் கையசைத்தார்கள்.

ஹாஸ்க் யாரென்று அங்கே எல்லோருக்கும் தெரியும். விண்வெளிப் படத் தொடர் ஒன்றில் வருகிறவன். யார் தலைக்கு யார் விலை வைத்தாலும் போய்ப் பிடித்துக் கொண்டுவந்து ஒப்படைப்பான். மூன்று படத்திலும் சேர்த்து அவன் திரையில் நிற்பது கால்மணி நேரம் இருக்காது. பேசுவது ஐந்தே வாக்கியம். அவன் முகத்தைக் கண்டவர் யாருமில்லை. பிடிபட்டவன்மேல் அவனுக்குக் கோபமும் கிடையாது, இரக்கமும் கிடையாது. வேலை முடிந்தால் போய்விடுவான். அவன் திரையில் வந்தபோதெல்லாம் கொட்டகையில் ஜனங்கள் கைதட்டினார்கள். அது ஏன் என்பது எம்மெட்டுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

இரண்டு வருடத்தில் கவசம் முழுவதும் சேர்ந்துவிட்டது; ஒவ்வொன்றின் விலையையும் தேதியோடு கணக்கு நோட்டில் குறித்துவைத்தார். ஏரிக்கரைப் படை என்று ஒரு சங்கம் இருந்தது. அதில் இருந்தவர்கள் அந்தப் படத்தின் வேஷங்களைச் சொந்தச் செலவில் செய்து, நூலகத்துக்கும் ஊர்வலத்துக்கும் பிள்ளைகளுக்கான மருத்துவமனைக்கும் போவார்கள். எம்மெட் முன்பக்கம், பின்பக்கம், இரு பக்கவாட்டிலும் படம் எடுத்து அனுப்பினார். எல்லாப் படத்திலும் தலைக்கவசம் இருந்தது. சங்கம் பார்ப்பது கவசம் சரியாக இருக்கிறதா என்பதை மட்டும்தான். எம். கோல் என்ற சுருக்கப் பெயரில் சேர்த்துக்கொண்டார்கள். விலாசம் தபால் நிலையத்தின் பெட்டி எண்.

பிள்ளைகள் எதிரில் தலைக்கவசத்தைக் கழற்றக்கூடாது என்பது சங்கத்தின் விதி. எம்மெட் யார் எதிரிலும் கழற்றவில்லை. அதிகம் பேசவும் மாட்டார்; பேசினாலும் கவசத்துக்குள் குரல் அமுங்கி வேறாகக் கேட்கும். காரிலிருந்து இறங்கும்போதே ஹாஸ்க்காக இறங்குவார். மருத்துவமனை வாசலில் அடையாள அட்டையைக் காவலாளிக்கு மட்டும் காட்டுவார். சங்கத் தலைவி ரொக்சான் டிபாசியோ பெப்பரோனி இறைச்சி வைத்த ரொட்டி உருண்டை வாங்கிவந்தால், தன் பங்கைக் காருக்குள் எடுத்துப்போய்த்தான் தின்பார். மற்றவர்கள் அதை அவருடைய சிரத்தை என்று எடுத்துக்கொண்டார்கள்.

"இந்த ஆளு வீட்ல பல்லு விளக்கும்போதாவது கழட்டுவாரா?" என்பாள் ரொக்சான்.

"எங்கே கழட்டறது? உள்ளே குழாயை விட்டுத்தான் விளக்குவாரு" என்பான் டார்னெல் பிக்ஸ். கூரை வேலை செய்கிறவன். ஆளும் பெரிது, குரலும் பெரிது. அவன் வேஷம் கடத்தல்காரன் போர்கோ. பிள்ளைகள் வார்டில் அவனுக்கும் ஹாஸ்க்குக்கும் ஒரு விளையாட்டு உண்டு. போர்கோ கட்டிலுக்கு அடியில் ஒளிவான். பாதி உடம்பு வெளியே தெரியும். பிள்ளைகள் கத்திக் காட்டிக்கொடுப்பார்கள். ஹாஸ்க் போய் அவனுக்குப் பிளாஸ்டிக் விலங்கு மாட்டி இழுத்துப் போவான்.

அந்த டார்னெலின் டிரக்கை 2013 நவம்பரில் எம்மெட்தான் தூக்கினார். டிரக் இல்லாமல் அந்தக் குளிர்காலம் முழுவதும் டார்னெலுக்கு வேலை இல்லை. இது எம்மெட்டுக்குத் தெரியும், டார்னெலுக்குத் தெரியாது. தலைக்கவசம் கழன்றால் சங்கமும் கழன்றுவிடும் என்பதில் எம்மெட்டுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஊரில் அவரைக் கண்டு மனிதர்கள் சந்தோஷப்பட்ட இடம் அது ஒன்றுதான்.

2016 அக்டோபர் 20, வியாழக்கிழமை. கேரி ஸ்டால் என்ற பெயரில் ஒரு சாம்பல்நிற வேன், நான்கு டியூ பாக்கி. பீச் தெருவில் ஒரு பல் மருத்துவமனையின் பின்பக்கம் நின்றிருந்தது. எம்மெட் கொக்கியை மாட்டி முன்சக்கரங்களைத் தூக்கிய பிறகுதான் பின்கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். துணிப்பையில் கட்டிய தலைக்கவசங்கள். வெள்ளை நாடா ஒட்டிய பெட்டிகள். ஒன்றில் போர்கோ என்று எழுதியிருந்தது. சனிக்கிழமை பிள்ளைகள் மருத்துவமனைக்குப் போகவேண்டிய கவசங்களில் எம்மெட்டுடையது தவிர அத்தனையும் அந்த வேனில் இருந்தது.

அவர் இறக்கிவிட்டிருக்கலாம். ஒரு நிமிடம் சும்மா நின்றிருந்தாலும் போதும். வண்டி இடத்தைவிட்டு நகருமுன் சொந்தக்காரர் வந்து ஆட்சேபித்தால் விட்டுவிட வேண்டும் என்பது தொழிலின் சட்டம். ஆனால் தான் விட்டால் சாயங்காலம் ஹௌசர் யார்டின் இன்னொரு ஆள் ரிக்கை அனுப்புவார். ரிக் சாமான்களைக் குப்பைப் பையில் போட்டு மிதித்துக் கட்டுகிறவன். எம்மெட் இதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தார். சாலை விளிம்புக்கு வரும்போது பல் மருத்துவமனைக்குள்ளிருந்து ரொக்சான் நீலச் சீருடையோடு ஓடிவந்தாள்.

"நில்லுங்க! யோவ், நில்லுய்யா! உள்ளே சாமான் இருக்கு!"

"பத்திரமா இருக்கும் மேடம். ஆபீசுக்கு வந்து வாங்கிக்கங்க."

"அது என் வீட்டுக்காரன் வண்டி. இப்ப வீட்டுக்காரனும் இல்லை அவன். டியூ கட்டறேன்னு கோர்ட்ல எழுதிக் குடுத்த பாவி!"

"எனக்கு வண்டி நம்பர்தான் தெரியும், மேடம்."

அன்றைக்கு அது உண்மையில்லை. இழுவை வண்டியின் முன்சக்கரங்கள் ஏற்கெனவே சாலையில் இருந்தன. அவர் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை அலுவலகம் மூடுகிற நேரத்தில் ரொக்சான் தொலைபேசியில் அழைத்தாள். எம்மெட் பக்கத்துச் சுவரில் சாவிகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்.

"திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு வாங்கம்மா" என்றார் ஹௌசர். "சாமான் வெச்சிருந்த வாடகை எழுபத்தஞ்சு டாலர். ஆஸ்பத்திரியா? நல்ல காரியம்தான். அதுக்காக நான் சனிக்கிழமை ஆபீசைத் தொறக்க முடியுமா?"

அவர் போனை வைத்ததும் எம்மெட் சொன்னார். "அந்தச் சாமானை நாளைக்கு நான் கொண்டுபோய்க் குடுத்துட்டு வர்றேன்."

"உனக்கென்ன வந்துது?"

"கையெழுத்து வாங்கிட்டு வந்துடறேன்."

"எழுபத்தஞ்சு?"

"என் கூலியில பிடிச்சுக்கங்க."

ஹௌசர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஏன்யா, அந்தப் பொம்பளை அழகா இருக்காளா?"

"பல் டாக்டர்கிட்ட வேலை செய்யுது."

"அப்ப உன் பல்லைத்தான் மொதல்ல கழட்டப்போவுது. போ."

சாமானைப் பெற்றுக்கொண்டதற்குச் சொந்தக்காரர் நேரில் கையெழுத்துப் போடவேண்டும். கொடுக்கிறவன் முகம் மறைத்துக்கொண்டு நிற்க முடியாது. வண்டி தூக்குகிறவன் போனால் ஹாஸ்க் வரமுடியாது. ஹாஸ்க் போனால் கவசங்கள் அவனிடம் எப்படி வந்தன என்று கேட்பார்கள். எம்மெட் வெகுநேரம் யோசித்தார். ஒருநாள் ஹாஸ்க் வராவிட்டால் குடிமுழுகிவிடாது என்று தீர்மானித்தார். ஆனாலும் சனிக்கிழமை காலையில் தன் கவசப் பெட்டியையும் இருக்கைக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் புறப்பட்டார்.

மருத்துவமனை வண்டி நிறுத்துமிடத்தில் சங்கத்தார் ஐந்து பேர் சாதாரண உடையில் நின்றிருந்தார்கள். வர இயலாது என்று உள்ளே போய்ச் சொல்வதற்கு யாரை அனுப்புவது என்று பேச்சு. இழுவை வண்டியைக் கண்டதும் டார்னெல் இரண்டடி முன்னே வந்தான்.

"பாருங்கடா! இவன்தான்! என் டிரக்கைத் தூக்கின ஆளு! மூஞ்சியை மறப்பேனா? இப்ப எதைத் தூக்க வந்தே? ஆஸ்பத்திரிக் கட்டிலையா?"

"சாமான் கொண்டுவந்திருக்கேன்" என்றார் எம்மெட். தாளை ரொக்சானிடம் நீட்டினார். "இங்கே ஒரு கையெழுத்து."

"பணம் எவ்வளவு கேட்டார் உங்க முதலாளி? எழுபத்தஞ்சா?"

"அது ஆச்சு, மேடம்."

அவள் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டாள். எம்மெட் கம்பளி விரித்துப் பெட்டிகளை இறக்கினார். எதுவும் உடைந்திருக்கவில்லை. ஒருவரும் நன்றி சொல்லவில்லை. அவசர அவசரமாக மாட்ட ஆரம்பித்தார்கள்.

எம்மெட் அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். போர்கோவின் முதுகுத்தகட்டுக்கு மூன்று கொக்கிகள். நடுக்கொக்கி சண்டித்தனம் பண்ணும். தூக்கி, இடதுபக்கம் தள்ளினால்தான் விழும். மாட்டுகிறவனுக்கு எட்டாது. ஐந்து வருடமாக அதை மாட்டிவிட்டது ஹாஸ்க். டார்னெல் முதுகைத் திருப்பிக்கொண்டு, "யாராவது மாட்டிவிடுங்கப்பா" என்றான். எம்மெட்டின் கை பழக்கத்தில் போய்விட்டது. தூக்கி, தள்ளி, மாட்டி, அது விழுந்ததற்கு அடையாளமாக இரண்டு தட்டும் தட்டினார்.

டார்னெல் அசையாமல் நின்றான். பிறகு மெல்லத் திரும்பினான்.

ரொக்சான் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இரும்புறை இல்லாத எம்மெட்டின் இடதுகையைப் பார்த்தாள். "ஹாஸ்க் இன்னும் வரலை" என்றாள். "ஒரு தடவைகூட லேட்டா வந்ததில்லை."

அவள் எம்மெட் பக்கம் திரும்பினாள்.

"உன் பெட்டி எங்கே இருக்கு?"

"சீட்டுக்குப் பின்னாடி."

"அடப்பாவி" என்றான் டார்னெல். "அடப்பாவி. அஞ்சு வருஷமா எனக்கு விலங்கு மாட்டினது நீயா?"

"ஒரு நிமிஷம் குடுத்திருக்கலாமே நீ?" என்றாள் ரொக்சான். "கதவைத் தட்டி, அந்தக் கவசப் பெட்டிங்களை மட்டும் எடுத்துக்கோன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்" என்றார் எம்மெட்.

"உள்ளே புள்ளைங்க காத்துக்கிட்டிருக்கு. போய் மாட்டு. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

முதன்முறையாக அவர்கள் எல்லோரும் பார்க்க எம்மெட் கவசம் மாட்டினார். ஒருவரும் உதவவில்லை.

மூன்றாம் மாடி வார்டில் டார்னெல் வழக்கம்போல் கட்டிலுக்கு அடியில் போனான். மருந்து ஏறிக்கொண்டிருந்த ஒரு சிறுமி, "அங்கே! அங்கே இருக்கான்!" என்று கத்தினாள். ஹாஸ்க் கட்டிலருகே போய் நின்றுவிட்டான். கை போகவில்லை. கத்திக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக அடங்கினார்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு பெரிய கைகள் மட்டும் வெளியே நீண்டன.

"மாட்டித் தொலை" என்றான் டார்னெல், பிள்ளைகளுக்குக் கேட்காமல். "உனக்குத்தான் பழக்கமாச்சே."

எம்மெட் மாட்டினார். பிள்ளைகள் ஓவென்று கூச்சலிட்டார்கள்.

கீழே வந்ததும் டார்னெல் தகடுகளைத் தானே பிய்த்துப் பெட்டியில் எறிந்தான். "ஒரு குளிர்காலம் பூரா என் பொண்டாட்டி சம்பாத்தியத்துல சாப்பிட்டேன். இந்த ஆளு இருந்தா நான் இல்லை. எழுதிக் குடுக்கறேன்" என்றான். அப்படியே எழுதியும் கொடுத்தான். அவன் கேட்டதில் தவறில்லை என்றுதான் எம்மெட்டும் நினைத்தார்.

நவம்பர் முதல் வாரம் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. உறுப்பினர்கள் கூடி முடிவு செய்யும்வரை எந்த நிகழ்ச்சிக்கும் வரவேண்டாம் என்றது. எம்மெட் பதில் எழுதினார். முழுப்பெயர், தொழில், வீட்டு விலாசம், டார்னெலின் டிரக்கையும் ரொக்சானின் வேனையும் தூக்கிய தேதிகள். மன்னிப்பு என்ற சொல்லை எழுதி, அடித்து, திரும்ப எழுதினார். அந்த மாதம் ஒன்பது வண்டிகளைத் தூக்கப் போனார். ஒவ்வொரு முறையும் கொக்கி மாட்டுமுன் கதவைத் தட்டினார். இரண்டு பேர் ஆட்சேபித்து வண்டியைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

"என்னய்யா, கிழவனாயிட்டியா?" என்றார் ஹௌசர்.

"தட்டிட்டு எடுக்கறேன், அவ்வளவுதான்."

"தட்டினா எவன் விடுவான்? உன் கூலிதான் போகும்."

"போகட்டும்."

முடிவு தெரியும்வரை அவர் தினமும் தபால் நிலையத்துக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஆனால் கடைசிக் கடிதம் அந்தப் பெட்டிக்கு வரவில்லை. வீட்டு வாசலுக்கே வந்தது. உறுப்பினர் ஏழு பேர் வாக்களித்ததில் நான்கு பேர் அவர் இருக்கலாம் என்றும், மூன்று பேர் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். யார் எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. டார்னெல் பிக்ஸ் இப்போதைக்கு விலகியிருக்கிறார் என்று ஒரு வரி இருந்தது. எம்மெட்டுக்கு ஒரு நிபந்தனையும் இருந்தது. இனிமேல் அவர் வெறும் முகத்தோடு வந்து, எல்லோரோடும் ஒரே அறையில் கவசம் மாட்டி, அதே அறையில் கழற்றவேண்டும். சம்மதமானால் சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வரலாம். கீழே ரொக்சானின் கையெழுத்து.

எம்மெட் அதை வாசலில் நின்றபடியே படித்தார். பிறகு உள்ளே போய், கடிதம் வந்த தேதியை உறையின் மூலையில் குறித்துவைத்தார்: 2016 டிசம்பர் 13, செவ்வாய்க்கிழமை.