அதிகாரிக்குக் கொடுத்த தண்ணீர்

குடிநீர்த் திட்ட ஆய்வுக்காக ஆம்பூர்ப் பக்கம் போயிருந்தேன். ஒரு அக்கா சொம்பு நீட்டினார். கடையில் வாங்கிய கேன் தண்ணீர். வாங்கியதும் அம்மா ஞாபகம் வந்தது.

தோல் கம்பெனிக் கழிவு இறங்கிய எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் சோறு வடித்தால் மஞ்சளாகும், நாறும். என் சிறுவயதில், குழாய் போடலாமா என்று பார்க்க ஒரு அதிகாரி வந்த அன்று, அம்மா விடியலிலேயே பக்கத்து ஊர் போய் ஒரு குடம் நல்ல தண்ணீர் சுமந்து வந்தாள்.

"வந்தவருக்கு நம்ம தண்ணியயா குடுக்கறது?"

அவர் குடித்துவிட்டு, "தண்ணி நல்லாத்தானே கீது!" என்றார். கிணற்றை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குழாய் வேறு ஊருக்குப் போனது. அம்மா சாகும்வரை கிணற்றுத் தண்ணீர்தான்.

சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன். "உங்க போர் தண்ணி குடுங்கக்கா."

அவர் பதறினார். "ஐயோ மேடம், அத எப்படி உங்களுக்குக் குடுக்கறது? அது எங்க புள்ளைங்க குடிக்கறது."