பப் இருந்த பள்ளம்

மோர்னிங்சைட் வீதிப் பக்கம் இருந்த அந்த பப்புக்குள் நான் ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஆனால் அதன் சரித்திரம் முழுக்க எனக்குத் தெரியும். இங்கிலாந்திலிருந்து வந்த ஒருவர் தன் ஊர் நினைப்பில் கட்டியது. செங்கல் சுவர், சின்னச் சின்னக் கண்ணாடி யன்னல், கறுத்த மர மேசைகள். அவர் இறந்த பிறகு மகள் நடத்தினாள். எங்கள் தமிழ் ஆம்பிளையள் வரத் தொடங்கியதும், பொரித்த மீனுக்கு வினாகிரியோடு மிளகாய்த்தூளும் வைத்த புண்ணியவதி. எல்லாம் என் கணவர் சொல்லித்தான் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் ஃபக்டரி வேலை முடிந்து நேரே அங்கேதான் போவார். "ஒரு கிளாஸ்தான்" என்று சத்தியம் பண்ணுவார். குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு.

அந்த மகளுக்கும் வயதாகி, பப்பை விற்றுவிட்டாள். கொண்டோ என்ற அடுக்குமாடி வீடுகள் கட்டுவதற்காக இடித்தார்கள். அதற்குள் இவருக்கு மறதி நோய் முற்றிவிட்டது. பிள்ளைகளின் பெயர் போயிற்று, கோயில் போயிற்று. பப்புக்குப் போகும் வழி மட்டும் போகவில்லை. இடித்தாயிற்று என்று சொல்லும்போதெல்லாம் புதிதாகக் கேட்டவர்போல் அழுவார். பிறகு நான் சொல்வதையே விட்டுவிட்டேன்.

போன மார்ச்சில் ஒரு ஞாயிறு மத்தியானம், குளித்துவிட்டு வந்து பார்த்தால் கதவு திறந்து கிடக்கிறது. ஜக்கெற் கொழுவியில் தொங்குகிறது, ஆளைக் காணவில்லை. எங்கே என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு ஓடினேன். கும்பிடாத தெய்வமில்லை, அப்படிக் கும்பிட்டுக்கொண்டே காரை ஓட்டினேன்.

பப் இருந்த இடத்தைச் சுற்றி அடைத்த வேலியில் ஒரு இடைவெளி. அத்திவாரத்துக்குத் தோண்டிய பள்ளத்தின் விளிம்பில், வீட்டுச் செருப்போடு நின்றார். வேலையாட்கள் ஒருவரும் இல்லை. பனி கரைந்து மண் சேறாகிக் கிடந்தது.

"இஞ்சாருங்கோ!" என்று கத்தினேன்.

கலியாணம் முடித்த நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவேன். புருஷன் பெயரைச் சொன்னால் அவருடைய ஆயுள் குறையும் என்று அம்மா சொன்னதை நான் மீறியதே இல்லை. டொக்டரிடம் பெயர் கேட்டால்கூட ஹெல்த் கார்டைத்தான் நீட்டுவேன்.

அவர் திரும்பவில்லை. இன்னும் ஒரு அடி வைத்தார். காலடியில் மண் சரிந்தது. ஆயுளாவது மண்ணாவது! பப்பில் எல்லாரும் கூப்பிட்டதுபோல் வெறும் பெயரைச் சொல்லிக் கத்தினேன். தொண்டை கிழிந்தது.

திரும்பினார், சிரித்தார். மெல்ல என்னிடம் நடந்து வந்தார். சட்டைக் கையை எட்டிப் பிடித்து, ஜக்கெற்றைப் போட்டுவிட்டேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, என்னை ஒருக்கா வீட்டை கொண்டுபோய் விடுவீங்களோ? மனிசி தேடிக்கொண்டிருப்பா."

அந்தப் பெண்சாதி நான்தான் என்று வாய்வரை வந்துவிட்டது. சொன்னால் பயந்து மறுபடியும் பள்ளத்துப் பக்கம் ஓடுவார்.

"ஓம் அண்ணை," என்றேன். "வாங்கோ."