அம்மா எடுத்த சின்ன குக்கர்

நான் நாலாம் வகுப்பு முடித்த கோடை லீவில் அப்பாவுக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் எங்கள் வேனின் பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு, அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்து, பூம்புகாரிலிருந்து வேளாங்கண்ணி வரை கடலோரமாகப் போய்வருவது. அப்பா, அம்மா, நான், தம்பி மட்டும்.

பெரியப்பா, சித்தப்பா குடும்பங்களோடு ஒரே வீட்டில் இருந்தோம். சமையல் அம்மா பொறுப்பு. அந்த அடுப்படியிலிருந்து வேனுக்கு எடுத்துப்போக ஒன்றும் தேறவில்லை. எந்தக் குண்டானிலும் தம்பியை உட்காரவைத்துக் குளிப்பாட்டலாம். ஆகவே கும்பகோணத்துப் பாத்திரக்கடைக்குப் போனோம்.

அப்பாவின் கண் கரண்டு சாமான்கள் மேலேயே இருந்தது. இண்டக்‌ஷன் அடுப்பு, ரைஸ் குக்கர், மிக்சி எல்லாவற்றையும் எடுத்து வைத்தார்.

"வேன் பேட்டரி இதையெல்லாம் தாங்காதுங்க. அப்புறம் வண்டியத் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும்" என்றார் கடைக்காரர்.

அப்பா மிக்சியை மட்டும் விடுவதாயில்லை.

"பொடி இடிச்சு எடுத்துக்கலாம். அதக் கீழ வைங்க" என்றாள் அம்மா.

அம்மா இப்படிப் பேசி நான் கேட்டதேயில்லை. ஒற்றை அடுப்பு பொருத்திய சின்ன கேஸ் சிலிண்டர், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் தட்டையடிப் பாத்திரங்கள், வளைவில் குழம்பு சிந்தாமலிருக்க மூடியில் கொக்கி வைத்த தூக்குவாளி என்று வரிசையாக எடுத்தாள். கடைசியாக ஒரு சின்ன குக்கர். அதன் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக வெகுநேரம் நின்றாள்.

"இதுல ஆக்குனா எல்லாருக்கும் பத்துமாம்மா?"

"நமக்குப் பத்தும்டி."

பூம்புகாருக்குப் பக்கத்தில் ஒரு சவுக்குத்தோப்பில் வண்டியை நிறுத்தினோம். பழக்கதோஷத்தில் அம்மா அரிசியை அள்ளிப் போட்டுவிட, குக்கர் பொங்கி, அப்பா புதிதாக விரித்த பாயெல்லாம் கஞ்சி. திட்டு விழும் என்று பயந்தேன். அப்பா சிரித்துவிட்டார். பாயைக் கழுவிப் போட்டுவிட்டு மறுபடி உலை வைத்தார்கள்.

ரசத்தை ஊற்றி எங்களுக்குப் பரிமாறியதும் அம்மா தனக்கும் ஒரு தட்டை வைத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தாள். வீட்டில் அவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின், ஆறிப்போன மிச்சத்தை அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுவாளாம்.

விரலை ஊதி ஊதி மெதுவாகச் சாப்பிட்டாள். எனக்குக் கடலுக்குப் போகும் அவசரம்.

"சீக்கிரம் சாப்பிடும்மா!"

"இருடி, சோறு சுடுது" என்று சிரித்தாள்.

சோறு சுடுவதில் அப்படிச் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு அன்றைக்கு விளங்கவேயில்லை.