வாட்டிலே அவ டொக்டர்

போன கிழமை முழுக்க எனக்கு ஆஸ்பத்திரி வாசம். நோயாளி நானில்லை — மச்சான். மோட்டார் சைக்கிளில் சறுக்கி விழுந்து கால் முறிந்துவிட்டது.

காலையில் ஓர் இளம்பெண் வந்து காலைப் பார்த்தார். கழுத்தில் ஸ்டெதஸ்கோப். நோவு எப்படி என்று கேட்டார்.

"நோவுதான் மிஸ்ஸி. டொக்டர் எப்ப வருவார்?" என்றார் மச்சான், அவரைத் தாதி என்று நினைத்து.

"நான்தான் டொக்டர்."

மச்சான் தலையாட்டினார். ஆனால், அந்தப் பெண் எழுதிய ஊசியை மட்டும் வேண்டாம் என்றுவிட்டார். பெரிய டொக்டர் வரட்டுமாம்! கட்டுப்போட வந்த ஆண் தாதியிடமோ, "ஓம் டொக்டர், சரி டொக்டர்..." பின்னேரம் வரை நோவில் முனகியது தனிக் கதை.

பக்கத்துக் கட்டிலில் கண்டக்குழி மீனவர் ஒருவர். கையில் மீன்முள் குத்திச் சீழ் பிடித்திருந்தது. மறுநாள் அதே டொக்டர் அவரிடம் போனதும், சாய்ந்திருந்த மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வீக்கம் வத்திட்டு டொக்டர். நல்லா உறங்கினேன் டொக்டர்."

வாட்டு முழுக்கக் கேட்கும் குரல். டொக்டருக்குக் கூச்சமாகிவிட்டது. குனிந்து, "மெதுவா, வாப்பா..." என்றார்.

வாப்பாவா?

டொக்டர் அடுத்த வாட்டுக்குப் போனதும் மீனவரை அண்ணன் முறையில் கூப்பிட்டு மெல்லக் கேட்டேன்.

"நானா, சொந்த மகளையா டொக்டர் என்கிறீங்க?"

"நான் பேர் சொல்லிக் கூப்பிட்டா மத்தவங்களுக்கு அவ சின்னப் புள்ளதானே, தம்பி. பொறகு அவ சொல்ற மருந்த ஆர் எடுப்பாங்க?"

சொல்லிவிட்டு மச்சானின் கட்டிலைப் பார்த்தார். மச்சான் கூரையைப் பார்த்தார்.

பேருக்கு முன்னால் பாதி, பின்னால் பாதி என்று பட்டங்களை அச்சடித்துக்கொண்டு திரிபவர்களைப் பார்த்து எனக்கு எரிச்சல் வருவதுண்டு. கல்யாண வீட்டில் எதற்கு டொக்டர் பட்டம்? ஆனால், வேலை செய்யும் இடத்தில் அது பெருமைக்கு இல்லை. வேலை நடப்பதற்கு. அதையும் நாம் ஆள் பார்த்துத்தானே கொடுக்கிறோம்? ஆணுக்குக் கேட்காமலே... பெண்ணுக்குச் சொன்ன பிறகும் இல்லை.

அடுத்த நாள் காலை மச்சானே வாயைத் திறந்தார். "அந்த ஊசிய இனிப் போடலாமா... டொக்டர்?"

கொஞ்சம் திக்கித்தான் வந்தது. பரவாயில்லை, வந்ததே.

அன்று பின்னேரம் வேலை முடிந்த டொக்டர், வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டு வாப்பாவின் கட்டிலோரம் வந்து உட்கார்ந்தார். மீனவர் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தார்.

"பகல் சாப்பிடல்லதானே, மகள்? பொய் சொல்லப்படாது."

டொக்டர் சின்னப் புள்ள மாதிரித் தலையாட்டினார்.