ஆடிச்சுற்றும் ஒரு டென்னிஸ் செட்டும்

கோமதித்தாய் ஆசைப்பட்டு டென்னிஸ் ஆட வந்தவள் இல்லை. ஆள் பற்றாமல் இழுத்துக்கொண்டு வரப்பட்டவள். பள்ளிக்கூடம் முடிகிறவரை சங்கரன்கோவிலில் அவள் ஆடியதெல்லாம் பூப்பந்து. மஞ்சள் கம்பளிப் பந்தைத் தரையில் விழவிடாமல் அடிக்கிற அந்த ஆட்டத்தில் மாவட்ட அளவில் பெயர் வாங்கியிருந்தாள். திருநெல்வேலியில் கல்லூரிக்குப் போன முதல் வாரமே பி.டி. மேடம் மீரா பீவியின் கண்ணில் பட்டாள். டென்னிஸ் டீமில் ஓர் இடம் காலி, இவள் நெட்டைக்கொக்கு, மேடத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

பழக்கம் அவ்வளவு சுலபமாகப் போகுமா? டென்னிஸ் பந்து தரையில் குத்தி எழும்பும்வரை நிற்க அவளுக்குப் பொறுமை கிடையாது. நெட்டுக்கு ஓடிப்போய் அந்தரத்திலேயே பந்தை அறைந்துவிடுவாள்.

"ஏட்டி, பந்து ஒரு தடவை குத்திக்கிட்டு வரட்டும். ரயிலா போகுது?" என்று மேடம் கத்தாத நாள் இல்லை.

முதல் வருஷம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் முதல் ஆட்டத்திலேயே மண்ணைக் கவ்வினாள். இரண்டாம் வருஷத்தில் மேடமே கத்துவதை நிறுத்திவிட்டார். சின்ன வயதிலிருந்து அகாடமியில் பழகிய பிள்ளைகளுக்கு, பந்தைக் கீழே விழவிடாத இந்தப் பெண்ணை எப்படிச் சமாளிப்பது என்று தெரியவில்லை. கெட்ட பழக்கம் என்று திட்டு வாங்கியதே அவளுடைய ஆட்டமாகிவிட்டது. அந்த வருஷம் காலிறுதி வரை போனாள்.

மூன்றாம் வருஷம்தான் கடைசி வாய்ப்பு. பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு ஒரு வழி பிறக்கும் என்று மேடம் சொல்லியிருந்தார். தேர்வு ஆட்டம் ஆடி மாதத்தில் வந்தது.

அவளுடைய அம்மா அன்னக்கிளி நடவு, களையெடுப்பு என்று வயல்வேலைக்குப் போகிறவள். டென்னிஸில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூடத் தெரியாது. ஆனால் மகள் தேற வேண்டுமென்றால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பது தெரியும். சங்கரன்கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால் சனம் கோயிலைச் சுற்ற ஆரம்பித்துவிடும். ஆடிச்சுற்று என்று பெயர். நூற்றியெட்டுச் சுற்று சுற்றுவதாக அம்மனிடம் நேர்ந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அன்னக்கிளி இறங்கிவிட்டாள். விடுமுறைக்கு வந்திருந்த மகள் தண்ணீர் பாட்டிலோடு துணைக்குப் போனாள்.

பாதிகூடத் தாண்டவில்லை, அன்னக்கிளியின் முழங்கால் மடங்கிவிட்டது. தூண் ஓரமாக உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. முகத்தில் வலியைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

"நேந்துக்கிட்டு பாதியில விட்டா ஆகாதே மக்கா. நான் எப்படியாவது எந்திரிக்கேன்."

"நீ இரும்மா. எனக்காகத்தானே சுத்துத? மிச்சத்த நான் சுத்துதேன்."

கோர்ட்டில் மணிக்கணக்காக ஓடுகிறவளுக்கு நடப்பதென்ன பெரிய காரியம் என்று நினைத்தாள். அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டாள். வரப்பில் வெறுங்காலோடு ஓடித் திரிந்த பழைய பாதமில்லை அது. மூன்று வருஷமாக ஷூவுக்குள் இருந்து பஞ்சாகிப் போயிருந்தது. உச்சிவெயிலில் கல் கொதித்தது. கால் எரிந்தபோது நிறுத்தியிருக்கலாம். தூணில் சாய்ந்தபடி, தான் வரும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிட்ட அம்மாவைப் பார்த்துவிட்டு அவளால் நிறுத்த முடியவில்லை.

முழுவதையும் முடித்தாள். சாயங்காலம் இரண்டு பாதங்களிலும் கொப்புளம் கோத்துக்கொண்டிருந்தது. அம்மா கண்ணில் படாமல் சாக்ஸை மாட்டிக்கொண்டு திருநெல்வேலி பஸ் ஏறினாள்.

செவ்வாய்க்கிழமை தேர்வு. பிளாஸ்திரி ஒட்டி, சாக்ஸ் மேல் சாக்ஸ் போட்டுக்கொண்டு இறங்கினாள். ஓட முடியாததால் நெட்டருகிலேயே நின்று பந்துகளை அறைந்தாள். இரண்டு ஆட்டத்தைச் சட்டென்று ஜெயித்து முடித்தாள். கடைசி இடத்துக்கு அவளும் தூத்துக்குடிப் பெண் காவியாவும் மோதினார்கள்.

முதல் செட் இவளுக்கு. இரண்டாவது செட்டில் காவியா விஷயத்தைப் பிடித்துவிட்டாள். இவள் நெட்டுக்கு வந்ததும் பந்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பின்னால் போட்டாள். திரும்பி ஓட வேண்டும். முதல் ஓட்டத்திலேயே கொப்புளம் உடைந்தது. அதற்கப்புறம் ஆட்டம் என்று ஒன்றும் நடக்கவில்லை. பந்து போவதை நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாக்ஸைக் கழற்றியபோது மேடம் பார்த்துவிட்டார்.

"எப்படிட்டி ஆச்சு?"

"கோயில் சுத்துனேன் மேடம்."

மீரா பீவிக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. "ஒரு வாரம் பொறுத்துச் சுத்தக் கூடாதா?" என்று கேட்டவர், அவள் அழுவதைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்து தாமே பாதத்துக்கு மருந்து போட்டுவிட்டார்.

வீட்டில் அவள் சொன்னது வேறு. "அந்தப் பிள்ள நல்லா ஆடிட்டாம்மா. ஷூ வேற கடிச்சிட்டு." அம்மனின் தபசுக் காட்சி பார்க்க ஊரே திரண்டு போன அன்று, அன்னக்கிளி கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தாள்.

கோமதித்தாயின் டென்னிஸ் அத்தோடு முடிந்தது. இப்போது வாசுதேவநல்லூரில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருக்கிறாள். சம்பளம் சுமார்தான், வேலை பிடித்திருக்கிறது. தோற்றது அவளுக்கு ஆறிவிட்டது. அன்னக்கிளிக்குத்தான் ஆறவில்லை. கோயில் பக்கம் போவதே இல்லை. பஸ் கோபுரத்தைத் தாண்டும்போது எல்லாரும் கும்பிடுவார்கள். அவள் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இந்த வருஷமும் கொடி ஏறியது.

"இன்னும் என்னம்மா கோவம்? அம்மன் மேல தப்பு இல்ல" என்றாள் கோமதித்தாய்.

"பொறவு யாரு மேல? அத்தன சுத்து வாங்கிக்கிட்டு எம்பிள்ளயக் கைவிட்டுட்டாளே."

கொப்புளம்தான் காரணம் என்கிற பதில் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லிவிட்டால் அம்மா அடுத்த நிமிஷமே அம்மனை மன்னித்துவிடுவாள். தன்னைத்தான் சாகும்வரை மன்னிக்க மாட்டாள்.

"என்னத்தச் சொல்ல" என்று கோமதித்தாய் எழுந்துபோனாள்.

மறுநாள் தனியாகக் கோயிலுக்குப் போனாள். சந்நிதியில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. கையைக் கூப்பி, பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"பழி உன் மேலயே இருக்கட்டும் தாயே. நீ தாங்குவ. எங்கம்மா தாங்க மாட்டா."