ரேகை இல்லாத விரல்

நான் வேலை செய்யும் தொழிற்சாலை வாசலில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கிறது. காலையில் கட்டைவிரலை அதன்மேல் வைத்தால்தான் கதவு திறக்கும். பினாங்குக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியும், வைப்பதற்கு முன் ஒரு கணம் விரலைப் பார்த்துக்கொள்வேன். வாசல் காவலர் மலாய்க்காரர். "பாசா கா, பாங்? லாப் டுலு," என்பார். ஈரமா இருக்கிறதா அண்ணே, முதலில் துடையுங்கள் என்று அர்த்தம். நானும் சட்டையில் துடைத்துக்கொள்வேன். உண்மையைச் சொல்லுமளவுக்கு எனக்கு மலாய் வராது.

போன வாரம் என் மகள் யாழினி பிடிபட்டாள். மூன்றாம் வகுப்பு. பரீட்சை ரிப்போர்ட்டில் என் கையெழுத்தை அவளே போட்டுக் கொடுத்துவிட்டாள். என்னுடையது கிறுக்கல், அவள் போட்டதில் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக இருந்தது. டீச்சர் கண்டுபிடிக்க அதுவே போதுமானதாக இருந்தது. என்னிடமே கையெழுத்து வாங்கிவரும்படி திருப்பி அனுப்பியிருந்தார்.

நான் ஸ்கேலை எடுத்தேன். "கைய நீட்டு."

என் மனைவி இங்கேயே, பினாங்கின் ஜெலுத்தோங்கில் பிறந்து வளர்ந்தவள். அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "விடுங்க லா. நானே எங்கம்மா சைன் போட்டிருக்கேன். நீங்க மட்டும் என்ன, சாமியாராவா பொறந்தீங்க?"

யாழினி கையை நீட்டினாள். கட்டைவிரலில் நீல மை அப்பியிருந்தது. ஓங்கிய ஸ்கேல் அப்படியே நின்றது.

என் அப்பா விருதுநகர் பக்கம் சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்த்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. ரேங்க் கார்டை நீட்டினால், "படி. முழுசா படிச்சாத்தான் கைநாட்டு வைப்பேன்" என்பார். என் மதிப்பெண்ணை நானே வாசித்துக் காட்ட வேண்டும். ஐந்தாம் வகுப்பில் கணக்கில் பதினெட்டு. வாசிக்கப் பயந்து, மைப்பெட்டியில் என் விரலையே தொட்டு வைத்துவிட்டேன். வாத்தியார் அப்பாவை வரவழைத்தார். வகுப்புக்கு முன்னால் அப்பாவின் விரலைப் பிடித்து மூன்று தடவை அமுக்கினார். மூன்று தடவையும் வெறும் கறுப்புத் திட்டு. சுண்ணாம்பு தின்ற விரல். "ஒங்கப்பனுக்கு ரேகையே இல்லையேடா, நீ எங்கேருந்துடா கொண்டாந்த?" என்றார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அப்பா என்னைத்தான் பார்த்தார். வீட்டுக்கு வந்து அடிக்கவில்லை. "சாப்பிடு" என்றார். அவர் போய் மூன்று வருஷமாகிறது. அந்தப் பார்வை மட்டும் போகவில்லை.

ஸ்கேலைக் கீழே வைத்தேன். "படி," என்றேன். குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

ரிப்போர்ட்டின் அடியில் டீச்சரின் குறிப்பு மலாயில், கையால் எழுதியது. அவள் வாசித்தாள். எனக்கு ஒரு வரியும் விளங்கவில்லை. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன், என் மகளின் காகிதத்துக்கு முன்னால் கைநாட்டாக உட்கார்ந்திருந்தேன்.

"என்ன போட்டிருக்கு?"

"நல்லா படிக்கிறேன்னு, பா."

மனைவியைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. யாழினியின் முகத்தையே பார்த்தேன். அப்பாவும் ஒரு நாளும் கார்டைப் பார்த்ததில்லை, என் முகத்தைத்தான் பார்ப்பார் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவள் உதடு கோணியது. "இல்ல பா. கவனிக்கிறதில்ல, பேசிக்கிட்டே இருக்கேன்னு போட்டிருக்கு."

பக்கத்தில் உட்காரவைத்து, நானும் கள்ள ரேகை வைத்ததைச் சொன்னேன். சிரித்ததைச் சொல்ல வாய் வரவில்லை.

"தாத்தா அடிச்சாரா?"

"இல்ல."

"அப்ப ஒங்களுக்கு லக்கி லா, பா."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் காலை பெட்டியில் விரலை வைத்தேன். சிவப்பு விளக்கு. துடைத்து வைத்தேன். சிவப்பு. மூன்றாவது தடவையும் அதுதான். மெஷின் கோளாறாக இருக்கலாம். காவலர் விருந்தாளிகளின் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். பன்னிரண்டு வருஷம் நுழைந்த வாசலில், வந்துபோகிறவர்கள் வரிசையில் என் பெயரை எழுதினேன். பின்னால் காத்திருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். நான் திரும்பவில்லை. திரும்பினால் அங்கே ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், விரலில் மையோடு நிற்பான்.